மேகமலையில் ஒரு மோல் வாயு

ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் இடத்தை அடைக்கும் என்று படித்திருப்பீர்கள். எந்த வாயுவானாலும் பருமன் ஏறத்தாழ இதுவே, எடைதான் வேறுபடும். ஆகவே ஒரு லிட்டர் வாயுவின் எடையை மோலார் பருமனால் பெருக்கினால், அதன் மூலக்கூறு எடை கிடைக்கும். பெயர் தெரியாத வாயுவை இனங்காண இது எளிய வழி.

ஆனால் 22.4 லிட்டர் என்பது 0° செ. வெப்பநிலைக்கும் 760 மி.மீ. பாதரச அழுத்தத்திற்கும் உரிய அளவு. மற்ற இடங்களில்?

சின்னமனூரிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் மேகமலை. உயரம் சுமார் 1,500 மீட்டர். உயரே செல்லச் செல்ல, நமக்கு மேலுள்ள காற்றின் அளவு குறைகிறது; அழுத்தமும் குறைகிறது. அங்கே பாரமானி ஏறத்தாழ 640 மி.மீ. காட்டும். வெப்பநிலை 20° செ. என்று கொள்வோம். பாயில், சார்லஸ் விதிகளின்படி:

மோலார் பருமன் = 22.4 × (293 ÷ 273) × (760 ÷ 640) = 28.5 லிட்டர்.

(செல்சியஸ் அளவுடன் 273-ஐக் கூட்டியிருப்பதைக் கவனியுங்கள்.)

காற்று நீக்கிய 1 லிட்டர் குடுவையை எடை போடுகிறோம். பிறகு, பெயர் தெரியாத ஓர் உலர்ந்த வாயுவை, சுற்றுப்புற அழுத்தத்தில் நிரப்பி மீண்டும் எடை போடுகிறோம். எடை 1.54 கிராம் கூடியிருப்பதாகக் கொள்வோம்.

1.54 × 28.5 = 43.9. அதாவது மூலக்கூறு எடை சுமார் 44.

22.4-ஆல் பெருக்கியிருந்தால் 34.5 வந்திருக்கும். மூலக்கூறு எடை 34 கொண்ட ஹைட்ரஜன் சல்பைடு என்று தவறாக முடிவு கட்டியிருப்போம்!

இதே வாயு சின்னமனூரில், 30° செ., 730 மி.மீ. நிலையில், லிட்டருக்கு 1.70 கிராம் இருக்கும். அங்கே மோலார் பருமன் 25.9 லிட்டர். பெருக்கிப் பாருங்கள், மீண்டும் 44 தான். எடையும் பருமனும் ஊருக்கு ஊர் மாறும். மூலக்கூறு எடை மாறாது.

வேலை முடிந்ததா? இல்லை. கார்பன் டை ஆக்ஸைடு, நைட்ரஸ் ஆக்ஸைடு, புரோப்பேன் ஆகிய மூன்றுக்கும் மூலக்கூறு எடை 44. ஆசிரியர் முன்னிலையில் சோதியுங்கள். சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கினால் கார்பன் டை ஆக்ஸைடு. தணல் குச்சியை மீண்டும் எரியச் செய்தால் நைட்ரஸ் ஆக்ஸைடு. தீ வைத்ததும் வாயுவே எரிந்தால் புரோப்பேன். கணக்கு மூவரைக் காட்டும். சோதனை ஒருவரைப் பிடிக்கும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: மேகமலையில் அதே நிலையில் 1 லிட்டர் வாயு 0.56 கிராம் இருக்கிறது. எரியும், சாண எரிவாயுவின் பெரும்பகுதி இதுவே. எந்த வாயு?

(விடை: மீத்தேன். மூலக்கூறு எடை 16.)