குறைந்த செலவில் ஒரு சிம்பொனிக் குழு

கேள்வி: வீட்டிலேயே இசையமைப்பவர், அதிகம் செலவழிக்காமல் ஆர்கெஸ்ட்ரா ஒலிகளைப் பெற எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: வாத்தியங்களின் சுரங்களைத் தனித்தனியே பதிவுசெய்து, கீபோர்டில் வாசிக்கும்போது ஒலிக்கும்படி தொகுத்திருப்பதே சாம்பிள் நூலகம் எனப்படுகிறது. லண்டனின் மெய்டா வேல் அரங்கில் பதிவான பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் ஒலிகளைக் கொண்டு ஸ்பிட்ஃபயர் ஆடியோ நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘டிஸ்கவர்’ பதிப்பு தொடக்கத்துக்குப் போதுமானது. உயர்பதிப்பு பல நூறு ஜி.பி. இடத்தை விழுங்க, இதுவோ சுமார் 200 எம்.பி. அளவே என்பதால் பழைய மடிக்கணினியிலும் இயங்கிவிடும். எனினும், வில்லை எடுக்காமல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து செல்லும் ‘லெகாட்டோ’ இதில் இல்லாததால், நீண்ட வயலின் மெட்டு துண்டுதுண்டாகவே கேட்கும். வில் துள்ளி எழும் ‘ஸ்பிக்காட்டோ’ போன்ற குறுஞ்சுரங்களுக்கு அந்தக் குறை இல்லை. நீண்ட சுரங்களுக்குள் ஒலியை ஏற்றி இறக்கும் மாடுலேஷன் சக்கரத்தைத் தொடாமலே விட்டுவிட்டு, மென்பொருளைக் குறைகூறுவோரே மிகுதி.

உரிமைக் கட்டுப்பாடு எதுவும் வேண்டாதோர்க்கு வெர்சிலியன் ஸ்டூடியோஸின் ‘விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன்’ இலவசமாகக் கிடைக்கிறது. மலிவான நூலகங்கள் பலவற்றுக்குக் காசு கொடுத்து வாங்கும் முழு ‘கான்டாக்ட்’ மென்பொருள் தேவைப்படும் என்பதும், இலவச ‘கான்டாக்ட் பிளேயரில்’ அவை 15 நிமிடங்களில் நின்றுவிடும் என்பதும் வாங்குமுன் கவனிக்கத்தக்கவை. நவம்பர் இறுதியின் தள்ளுபடிக் காலம்வரை பொறுத்தால் விலை கணிசமாகக் குறையும்.