மூன்று நிமிடமும் முப்பது மீட்டரும்

ஒன்பதாம் வகுப்பில் இயக்கச் சமன்பாடுகளுக்குப் பல ஆண்டுகள் ரயிலையும் உருளும் பந்தையும் வைத்தே கணக்குக் கொடுத்து வந்தேன். இப்போது ஒரு தீர்ப்பிலிருந்து தொடங்குகிறேன்.

2018 ஏப்ரலில் மத்திய அரசு கார்களுக்கான வேக வரம்பை விரைவுச்சாலைகளில் மணிக்கு 120 கி.மீ., நான்குவழி நெடுஞ்சாலைகளில் 100 கி.மீ. என நிர்ணயித்தது. சாலைகளும் இன்ஜின்களும் மேம்பட்டுவிட்டன என்பது அரசின் வாதம். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்து, வரம்பைக் குறைத்துப் புதிதாக வெளியிடச் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்று கேட்டாலே வகுப்பு இரண்டாகிவிடும். கை தூக்கச் சொல்லுமுன் கணக்கைப் போட வையுங்கள்.

30 கி.மீ. தூரத்தை 100 வேகத்தில் கடக்க 18 நிமிடம். 120 வேகத்தில் 15. மிச்சம் 3 நிமிடம்.

இனி பிரேக். எதிர்வினை நேரம் 1 வினாடி, எதிர் முடுக்கம் 7 மீ/வி² என்று கொள்வோம் (உலர்ந்த சாலை, நல்ல டயர்). 100இல் வரும் கார் நிற்க 27.8 + 55.1 = 82.9 மீட்டர். 120இல் வருவதற்கு 33.3 + 79.4 = 112.7 மீட்டர். வித்தியாசம் ஏறக்குறைய 30 மீட்டர்.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு கார்களும் ஒரே இடத்தில் ஆபத்தைக் காண்கின்றன. முதல் கார் நின்ற இடத்தை இரண்டாவது கார் என்ன வேகத்தில் கடக்கும்? “20தான் சார்” என்று பலரும் சொன்னார்கள். மூன்றாம் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் வருவது சுமார் 73 கி.மீ. வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. ஒருவன் மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தான்.

பிறகுதான் விவாதம். கால் டாக்ஸி ஓட்டுபவரின் மகன் எழுந்து, “அப்பாவுக்கு ட்ரிப் கணக்குலதான் சார் காசு. மூணு நிமிஷம் சும்மா இல்ல” என்றான். அதையும் கரும்பலகையில் எழுதினேன். நம் பிள்ளைகளில் பலருடைய வீட்டுச் சோறு ஓட்டுநர் சம்பளத்தில் வருவது. ஓட்டுநரைக் குற்றவாளியாக்கும் பாடமாக இது முடியக் கூடாது. ட்ரிப்புக்குக் கூலி நிர்ணயிப்பவர் வேகத்துக்குப் பொறுப்பில்லையா என்று ஒரு மாணவி கேட்டாள். நான் தயாரித்துப்போன குறிப்பில் அந்தக் கேள்வி இல்லை.

வீட்டுப்பாடமாக, மழைநாளுக்கு 7ஐ 4 ஆக்கிப் போடச் சொல்லுங்கள். 100 வேகத்துக்கே பிரேக் தூரம் மட்டும் 96 மீட்டரைத் தாண்டும்.