எஞ்சினைத் தூக்குவது முதுகா, நெம்புகோலா?

மாணவர்களே, பழைய கார் ஒன்றின் எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொரு எஞ்சினைப் பொருத்தும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். ‘எஞ்சின் ஸ்வாப்’ என்று அதற்குப் பெயர். பல நாடுகளில் வீட்டுக் கொட்டகையிலேயே இந்த வேலையைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் உண்டு. மாதக்கணக்கில் குனிந்து, எட்டி, தூக்கிச் செய்யவேண்டிய வேலை என்பதால் முதுகுவலியும் கூடவே வரும்.

ஏற்கெனவே முதுகுவலி உள்ள ஒருவர் இந்த வேலையைச் செய்ய முடியுமா? பெரும்பாலோர் “கனமான பொருளைத் தூக்காதே” என்பார்கள். அந்த அறிவுரையில் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதி உங்கள் இயற்பியல் பாடத்தில், ‘மோமென்ட்’ என்ற அத்தியாயத்தில் இருக்கிறது. தமிழில் அதைத் திருப்புத்திறன் என்கிறோம்.

எடையைவிடத் தூரம் முக்கியம்

கதவைத் திறக்கும்போது கீலுக்கு அருகில் தள்ளினால் கடினம். கைப்பிடி அருகே தள்ளினால் எளிது. ஒரு விசை எவ்வளவு திருப்பும் என்பது அதன் அளவை மட்டும் பொறுத்ததன்று. சுழல் மையத்திலிருந்து அந்த விசையின் கோடு எவ்வளவு செங்குத்துத் தூரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

திருப்புத்திறன் = விசை × செங்குத்துத் தூரம்

இனி உங்கள் இடுப்பைப் பாருங்கள். முதுகெலும்பின் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. டிஸ்க் என்று மருத்துவர்கள் சொல்வது இவற்றைத்தான். நீங்கள் குனியும்போது இடுப்புக்கு அருகில் உள்ள வட்டு ஒரு சுழல் மையமாகிறது. முன்பக்கம் உடலின் மேற்பகுதியும் கையில் உள்ள பொருளும் கீழ்நோக்கித் திருப்புகின்றன. பின்பக்கம் முதுகுத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்தத் தசை வட்டிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. இந்த 5 சென்டிமீட்டர்தான் எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

ஒரு பேட்டரியின் கணக்கு

கார் பேட்டரியின் எடை சுமார் 15 கிலோ, அதாவது 150 நியூட்டன். ஒருவரின் தலை, கைகள், நெஞ்சுப் பகுதி எல்லாம் சேர்ந்து 350 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். அவர் காரின் பக்கவாட்டில் நின்று, பானெட்டுக்குள் எட்டிக் குனிந்து பேட்டரியைத் தூக்குகிறார். அப்போது பேட்டரி அவர் இடுப்பு வட்டிலிருந்து 0.5 மீட்டர் முன்னே இருக்கிறது. மேலுடலின் ஈர்ப்பு மையம் 0.25 மீட்டர் முன்னே இருக்கிறது.

பேட்டரியின் திருப்புத்திறன்: 150 × 0.5 = 75 நியூட்டன் மீட்டர்.
மேலுடலின் திருப்புத்திறன்: 350 × 0.25 = 87.5 நியூட்டன் மீட்டர்.
மொத்தம்: 162.5 நியூட்டன் மீட்டர்.

இதைச் சமன் செய்ய, 0.05 மீட்டர் தூரத்தில் உள்ள தசை இழுக்கவேண்டிய விசை 162.5 ÷ 0.05 = 3,250 நியூட்டன். கையில் இருப்பது 15 கிலோ; தசை இழுப்பதோ 325 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம்! இந்த இழுவிசை முழுவதும் வட்டை நசுக்குகிறது.

இப்போது அதே பேட்டரியை வயிற்றோடு அணைத்து நிமிர்ந்து நிற்கிறார். பேட்டரி 0.25 மீட்டர் தூரத்திலும் மேலுடலின் ஈர்ப்பு மையம் 0.05 மீட்டர் தூரத்திலும் உள்ளன. மொத்தத் திருப்புத்திறன் 37.5 + 17.5 = 55 நியூட்டன் மீட்டர். தசையின் இழுவிசை 1,100 நியூட்டன். எடை சிறிதும் மாறவில்லை. ஆனால் முதுகின் பளு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

இது எளிமைப்படுத்திய கணக்கு. உண்மையான முதுகில் பல தசைகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆயினும் கணக்கு காட்டும் திசை சரியானது. 1960களில் சுவீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், ஊசியில் பொருத்திய அழுத்தமானியை மனிதர்களின் முதுகு வட்டுக்குள் செலுத்தி அளந்து பார்த்தார். முன்னால் குனிந்தபோது அழுத்தம் நிமிர்ந்து நின்றதைவிட உயர்ந்தது. கையில் பளுவும் இருந்தபோது இன்னும் உயர்ந்தது.

அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார ஆய்வுக் கழகம், வட்டின் மீதான அழுத்து விசைக்கு 3,400 நியூட்டனை எச்சரிக்கை அளவாக வைத்தது. நம் கணக்கில் தசையின் 3,250 நியூட்டனோடு உடல் எடையின் பங்கையும் சேர்த்தால் அந்த அளவைத் தாண்டிவிடுகிறோம். ஒரு பேட்டரிக்கே இந்த நிலை!

முழங்காலை மடக்கினால் போதுமா?

“முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு” என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் இது முழு விதி அன்று. பெரிய பெட்டி ஒன்றின் முன் குந்தி அமர்ந்தால், முழங்கால்கள் நடுவில் வந்து பெட்டியை உடலிலிருந்து தள்ளிவிடும். தூரம் கூடுகிறது, திருப்புத்திறனும் கூடுகிறது. கால்களை அகற்றி வைத்து, பெட்டியை முழங்கால்களுக்கு இடையே கொண்டுவந்து தூக்கினால்தான் பயன் கிடைக்கும். “பளுவை உடலோடு ஒட்டி வை” என்பதே முதல் விதி. முழங்கால் அதற்கு அடுத்ததுதான்.

இந்த விதி நம் மரபுக்குப் புதிதன்று. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை பக்தர்கள் நடந்து செல்வதைப் பார்த்திருப்பீர்கள். பால்குடம் தலைமேல் இருக்கிறது. அதன் எடைக்கோடு முதுகெலும்பின் வழியாகவே இறங்குகிறது. செங்குத்துத் தூரம் ஏறக்குறைய சுழியம். காவடியின் எளிய வடிவமோ தோள்மேல் ஒரு தண்டு, இரு முனைகளிலும் சுமை. ஒரு பக்கத்துத் திருப்புத்திறனை மறுபக்கம் சமன் செய்கிறது. அதே பால்குடத்தைக் கைகளை நீட்டி ஏந்தியபடி சில நிமிடம் நின்றாலே முதுகும் தோளும் வலிக்கத் தொடங்கிவிடும்.

இரும்பால் செய்த முதுகு

இனி எஞ்சினுக்கு வருவோம். சிறிய கார் ஒன்றின் நான்கு சிலிண்டர் எஞ்சின் 120 கிலோ, அதாவது 1,200 நியூட்டன் என்று கொள்வோம். இரண்டு பேர் எட்டிப் பிடித்துத் தூக்கினால் ஆளுக்கு 600 நியூட்டன். மேலே உள்ள கணக்கின்படி ஒவ்வொருவர் முதுகுத் தசையும் 7,750 நியூட்டன் இழுக்கவேண்டும். முதுகுவலி இல்லாதவரும் செய்யக்கூடாத வேலை இது.

அதனால்தான் காக்கி புக்கிட், சின் மிங் போன்ற இடங்களில் உள்ள பணிமனைகளில் எஞ்சின் கிரேனைப் பயன்படுத்துகிறார்கள். அதன் உருவத்தைக் கவனியுங்கள். நிமிர்ந்த தூண், அதன் உச்சியில் ஒரு கீல், கீலிலிருந்து முன்னே நீளும் கை, கீலுக்கு மிக அருகில் அந்தக் கையை மேலே தள்ளும் ஹைட்ராலிக் ஜாக். குனிந்து நிற்கும் மனிதரைப் போலவே இருக்கிறது அல்லவா? கீல் நம் வட்டு. நீண்ட கை நம் மேலுடல். ஜாக் நம் முதுகுத் தசை. முதுகுக்கு உள்ள அதே பாதகம் கிரேனுக்கும் உண்டு. ஆனால் எஃகும் எண்ணெயும் அதைத் தாங்கும்.

எஞ்சின் கீலிலிருந்து 1 மீட்டர் தூரத்திலும், ஜாக் 0.3 மீட்டர் தூரத்திலும் இருந்தால், ஜாக் தள்ளவேண்டிய விசை 1,200 × 1 ÷ 0.3 = 4,000 நியூட்டன். கையை 1.5 மீட்டருக்கு நீட்டினால் அதே எஞ்சினுக்கு 6,000 நியூட்டன் தேவை. 2 டன் கிரேனின் கையில் 2 டன், 1.5 டன், 1 டன், அரை டன் என்று வரிசையாக எழுதியிருப்பதன் பொருள் இப்போது புரியும். கை நீள நீளத் தூக்கும் திறன் குறைகிறது. அதை மீறினால் கிரேன் முன்பக்கம் கவிழவும் கூடும்.

அந்த 4,000 நியூட்டனை யார் தருகிறார்? ஜாக்கின் கைப்பிடியை அசைப்பவர்தான். பாஸ்கல் விதிப்படி, அடைபட்ட திரவத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைக்கும் சமமாகப் பரவும். பெரிய பிஸ்டனின் பரப்பு சிறியதைப்போல் 9 மடங்கு என்றால் விசையும் 9 மடங்காகும். கைப்பிடி என்ற நெம்புகோல் இன்னொரு 10 மடங்கு தருகிறது. உராய்வை விட்டுவிட்டால், கை தரவேண்டியது 4,000 ÷ 90, ஏறத்தாழ 44 நியூட்டன். நாலரைக் கிலோ அரிசிப் பையின் எடைதான்!

இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. எஞ்சின் 0.8 மீட்டர் உயர்வதற்குக் கை மொத்தம் ஏறத்தாழ 22 மீட்டர் அசையவேண்டும். விசை குறைந்தது, தூரம் கூடியது, செய்த வேலை அதே 960 ஜூல்தான். முதுகுவலி உள்ளவருக்கு இது லாபமான பேரம். அவர் நிமிர்ந்து நின்றபடி, பொறுமையாக, ஐம்பது அறுபது முறை கைப்பிடியை அசைத்தால் போதும்.

பிரித்தால் பளு குறையும்

கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு (1893-1974) இளம் வயதில் உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதை ஓட்டியதோடு நிற்கவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டி, இயந்திரத்தைக் கற்றுக்கொண்டார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர், பிற்காலத்தில் இந்தியாவின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பாளர்களில் ஒருவரானார்.

அவர் காட்டிய ‘பகுதி பகுதியாக’ என்ற வழி முதுகுக்கும் நல்லது. பேட்டரி, ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினால் ஒவ்வொன்றும் கையாளத்தக்க பளுவாகிறது. கழற்றியதைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயர மேசையில் வைத்தால், திரும்ப எடுக்கும்போது குனிய வேண்டியதில்லை.

காருக்கும் அதே கணக்கு

கரோல் ஷெல்பி என்ற அமெரிக்கர் 1959ல் புகழ்பெற்ற ‘ல மான்’ 24 மணி நேரப் பந்தயத்தில் இணை ஓட்டுநருடன் வென்றவர். இதய நோயால் 1960ல் பந்தயம் ஓட்டுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் காரை விட்டு விலகவில்லை. ஓட்டுவதிலிருந்து உருவாக்குவதற்கு மாறினார். 1962ல் ‘ஏசி ஏஸ்’ என்ற இலேசான பிரிட்டிஷ் காரில் ஃபோர்டின் 4.3 லிட்டர் வி8 எஞ்சினைப் பொருத்தினார். அதுதான் ‘கோப்ரா’. அந்த எஞ்சின் மெல்லிய சுவர்களோடு வார்க்கப்பட்டதால், அதன் திறனுக்கு எடை குறைவு. சிறிய காருக்கு அது பொருந்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

புதிய எஞ்சின் கூடுதல் எடையுள்ளதாக இருந்தால், காரின் ஈர்ப்பு மையம் நகரும். முன்சக்கரங்களின் பளு மாறும். பிரேக், ஸ்டியரிங், புகை வெளியேற்றம் எல்லாமே பாதிக்கப்படும். சிங்கப்பூரில் வேறு வகை எஞ்சினைப் பொருத்துவதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவைப்படுவது இதனால்தான். வீவக அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் இந்த வேலைக்கு ஏற்ற இடமன்று. கருவிகளும் பயிற்சியும் உள்ள பணிமனையே சரியான இடம். ஜாக் மட்டும் தாங்கி நிற்கும் காரின் அடியில் ஒருபோதும் நுழையக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வலி இருந்தால்

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020ல் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு முதுகுவலி இருந்தது. ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு வலிக்குக் குறிப்பிட்ட நோய் எதையும் சுட்ட முடிவதில்லை. அத்தகையவர்களுக்கு நாள்கணக்கில் படுத்திருப்பதைவிட, முடிந்த அளவு நடமாடுவதே நல்லது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆனால் காலில் மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் கழிப்பதில் சிக்கல் போன்றவை தெரிந்தால் உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

ஆகவே, முதுகுவலி உள்ள தாத்தாவோ மாமாவோ தமக்குப் பிடித்த வேலையைச் செய்ய விரும்பினால், “உங்களால் முடியாது” என்று சொல்வதற்கு முன் கணக்குப் போடுங்கள். எவ்வளவு எடை, எவ்வளவு தூரம், எந்தக் கருவி? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால், எதை அவர் செய்யலாம், எதைக் கிரேன் செய்யவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

செய்து பாருங்கள்

1. ஒரு துடைப்பத்தை நடுவில் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்குங்கள். பிறகு கைப்பிடியின் நுனியில் பிடித்துத் தூக்குங்கள். எடை மாறாதபோது மணிக்கட்டு ஏன் திணறுகிறது?

2. உங்கள் பள்ளிப் பையை எடை போடுங்கள். கனமான நூல்களை முதுகை ஒட்டி வைத்து நடந்து பாருங்கள். பிறகு வெளிப்பக்கம் வைத்து நடந்து பாருங்கள். எப்போது உடல் முன்னால் சாய்கிறது?

3. ஒரு காரின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் தூரம். புதிய எஞ்சின் பழையதைவிட 50 கிலோ கூடுதல். அதன் ஈர்ப்பு மையம் முன்னச்சுக்கு 0.5 மீட்டர் பின்னால் உள்ளது. முன்னச்சின் பளு எவ்வளவு கூடும்? பின்னச்சைச் சுழல் மையமாகக் கொண்டு கணக்கிடுங்கள்.

மூன்றாம் கேள்விக்கு விடை: 500 × 2.0 ÷ 2.5 = 400 நியூட்டன். மீதி 100 நியூட்டன் பின்னச்சுக்கு. எஞ்சினின் ஈர்ப்பு மையம் முன்னச்சுக்கு 0.5 மீட்டர் முன்னால் இருந்திருந்தால் என்ன ஆகும்? பின்னச்சின் பளு கூடுமா, குறையுமா? அதை நீங்களே கண்டுபிடியுங்கள்.