வேலைப்பாடும் அதன் பதிவும்
(படிப்பு வட்டத்திற்குரிய பாடம்)

சேலையின் கரையும் முந்தியும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை ஜக்கார்டு அட்டையின் துளைகள் தறிக்கு அறிவிக்கின்றன. அட்டைக் கட்டு கைமாறினால் வேலைப்பாடும் உடன் சென்றுவிடுகிறது. இவ்வாறு பொருளினின்றும் பிரித்துப் பதிந்து வைக்கும் விவரத்தையே இன்று ‘தரவு’ என்கிறோம். நிழற்படம், அளவுக் குறிப்பு, ஒலிப்பதிவு, கணினிக் கோப்பு ஆகிய யாவும் தரவுகளே. அவற்றை யாருக்கு, எந்த நிபந்தனையின்பேரில் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமையே ‘தரவு இறையாண்மை’ எனப்படுவது. அங்கத்தினர் அனைவரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

நம் ஊர்ச் சான்று

கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இது நமக்குப் பெருமையே. ஆயினும் அக்குறியீடு காப்பது பெயரைத்தான். பிற இடத்தில் செய்த சிற்பத்தைக் கள்ளக்குறிச்சிச் சிற்பம் என்று விற்பதை அது தடுக்கும். நம் சிற்பத்தைக் கருவியால் அளந்து, அக்கோப்பைக் கொண்டு இயந்திரத்தில் செதுக்கி, வேறு பெயரில் விற்பதை அது தடுக்காது.

புதிய வேலைப்பாடுகளுக்கு 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் உண்டு. பதிவு செய்தால் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் உரிமை நிற்கும். ஆனால் விண்ணப்பத்திற்கு முன்னரே வெளியிட்ட வடிவத்தைப் பொதுவாகப் பதிய இயலாது. ஆர்வத்தால் கைபேசியில் பரப்பிய ஒரு படமே அவ்வாய்ப்பைக் கெடுத்துவிடக்கூடும்.

கல்வராயன் மலைவாழ் மக்கள் கடுக்காயையும் மூலிகையையும் சாமையையும் பற்றிப் பெற்றுள்ள அறிவும் இத்தகைய செல்வமே. அதனை ஊர் மக்களைக் கலந்து பதிவேட்டில் எழுதுவதற்கு 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் வழி செய்கிறது.

மறைப்பது தீர்வாகுமா?

ஆகாது. மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நமது அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் எழுத்துச் சான்றுகளைக் காட்டி வாதிட்டதால் 1997-இல் அது நீக்கப்பட்டது. ஏட்டில் இருந்தமையால் அன்றோ வழக்கு நின்றது!

கேரளத்துக் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் செடியிலிருந்து ஒரு மருந்து உருவாயிற்று. அதன் உரிமக் கட்டணத்தில் பாதி அம்மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதனைப் பெறுவதற்கு அவர்கள் 1997-இல் ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தனர். எனினும், தங்களை முன்னரே கலந்துகொள்ளவில்லை என்ற மனக்குறை காணிகளில் ஒரு சாராரிடம் எழுந்தது. தனியொருவர் கொடுத்தால் பயன் சிதறும்; எல்லோரும் கூடி முடிவு செய்தால் பயனும் நிற்கும், மனக்குறையும் எழாது.

2019-இல் உலகத் தொல்குடியினரின் தரவுக் கூட்டமைப்பு நான்கு நெறிகளை வகுத்தது: கூட்டுப் பயன், கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறம். கூட்டுறவாளர்க்கு இவை புதியன அல்ல.

சங்கங்கள் செய்யத்தக்கவை

1. வேலைப்பாடு ஒவ்வொன்றிற்கும் எண், செய்தவர் பெயர், தேதி, படம் ஆகியவை அடங்கிய பதிவேட்டைச் சங்கமே வைத்திருத்தல்.

2. பதிவுகளை எல்லோரும் காணத்தக்கவை, அங்கத்தினர் மட்டும் காணத்தக்கவை, அனுமதியின்றிக் காட்டலாகாதவை என மூவகையாகப் பிரித்தல்.

3. படமெடுக்கவும் அளக்கவும் வருவோரிடம் நோக்கம், காலம், வருவாயில் பங்கு, சங்கத்திற்கு ஒரு பிரதி ஆகியவற்றை எழுத்தில் பெறுதல்.

4. இவற்றைப் பொதுப் பேரவையில் தீர்மானமாக நிறைவேற்றுதல்.

ஆராய வேண்டிய வினாக்கள்

நம் சங்கத்து வேலைப்பாடுகளின் படங்கள் இப்பொழுது யார் யாரிடம் உள்ளன? அவற்றைக் கொடுக்க இசைந்தவர் யார்? அதற்கு எழுத்து உண்டா?

விடை கிடையாத வினா எதுவோ, அதனையே அடுத்த கூட்டத்தின் முதற் பொருளாக வைத்துக்கொள்வோமாக.