கறக்கும் வீட்டில் குடிக்கப் பால் உண்டா?

காரைக்குடி, திருப்பத்தூர் வட்டாரங்களில் கண்மாய் நிறையாத ஆண்டில் நெல் கைவிட்டாலும் கறவை மாடு கைகொடுக்கும். ஆனால் விடியற்காலையில் கறந்த பால் முழுவதும் சங்கத்துக்கோ டீக்கடைக்கோ போய்விடும் வீடுகள் பல. அடுப்பில் கொதிப்பது கடுங்காப்பி. பணமுடை உண்மைதான். என்றாலும் பிள்ளையின் எலும்புக்கு வேண்டியதும் அந்தப் பாலோடு படியேறிப் போகிறது.

ஒரு தம்ளர் (200 மி.லி.) பசும்பாலில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும் 240 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராமும், கர்ப்பிணிக்கு 1,000 மில்லிகிராமும், பாலூட்டும் தாய்க்கு 1,200 மில்லிகிராமும் சுண்ணாம்புச் சத்து தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் பரிந்துரைத்தது. அரிசிச் சோற்றில் இச்சத்து மிகக் குறைவு. கேழ்வரகில் தாராளமாக உண்டு. ஆனால் பாலில் உள்ள பி12 வைட்டமின் கேழ்வரகில் இல்லை. கூழில் மோர் ஊற்றிக் குடித்த பெரியவர்கள் இரண்டையும் சேர்த்தே பெற்றார்கள்.

நாளொன்றுக்கு 6 லிட்டர் கறக்கும் மாட்டில் அரை லிட்டரை வீட்டுக்கு நிறுத்தினால் குறைவது பன்னிரண்டில் ஒரு பங்கு வரும்படிதான். அந்த அரை லிட்டர் முதலில் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் குழந்தைகளுக்கும் சேர வேண்டும். பையனுக்குப் பால், பெண்ணுக்குக் காப்பி என்று பிரிப்பது தவறு. நாளை பிள்ளை பெறப்போகிறவள் அவள்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக மாட்டுப்பால் புகட்டக் கூடாது. பாலில் இரும்புச் சத்து அற்பமே. முருங்கைக்கீரையும் பயறும் உணவில் இருக்கட்டும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்கள் தயிராகவோ மோராகவோ சாப்பிடலாம்.

பச்சைப் பாலைக் குடிக்க வேண்டாம். கன்று வீச்சு நோயும் காசநோயும் அதன் வழியே மனிதருக்குத் தொற்றக்கூடும். பொங்கி வரும்வரை காய்ச்சுவது அவசியம். செட்டிநாட்டு வீடுகளில் பித்தளைப் பாத்திரங்களுக்குக் குறைவில்லை. ஈயம் பூசாத பித்தளையில் தயிரையோ மோரையோ வைத்தால் செம்பு கரைந்து குமட்டலும் வாந்தியும் உண்டாகும்.

விற்பனையும் குறையக் கூடாது என்பவர்கள் தீவனத்தைக் கவனிக்க வேண்டும். வைக்கோலை மட்டும் நம்பினால் கறவை ஏறாது. இப்பகுதியின் செம்மண் மானாவாரி நிலத்தில் முயல் மசால் நன்கு வரும். விதையின் தோல் கடினமானது. சுடுநீரில் நேர்த்தி செய்து, ஐப்பசி மழையின் ஈரத்தில் விதைக்கலாம். கிணற்றடி வரப்பில் அகத்தி நட்டால் மாட்டுக்குத் தழையும் வீட்டுக்குக் கீரையும் கிடைக்கும்.