மேப்பிள் சிவக்கும் வாரம்: அல்கொன்குயினுக்கு ஆர்வியில் போவது எப்படி?

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். மேப்பிள் இலை சிவந்து நிற்பதைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் பேசுவோம். பேசி முடிப்பதற்குள் பனி கொட்டத் தொடங்கிவிடும். இந்த வருடம் தாங்ஸ்கிவிங் நீண்ட வார இறுதியில் ஒரு ஆர்வி வாடகைக்கு எடுத்து அல்கொன்குயின் பூங்காவுக்குப் போவதென்று தீர்மானித்திருக்கிறோம். நானும் கணவரும், 9, 13 வயதுப் பிள்ளைகள், என் அம்மா, மாமா என்று ஆறு பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஏறமாட்டா. கணவரிடம் ஜி வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது, ஆனால் பெரிய வாகனம் ஓட்டிப் பழக்கமில்லை. 30 அடி நீள வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். முற்பணம் கட்டலாமா? எங்கே தங்குவது, எதைக் கவனிக்கவேண்டும்?

பதில்: முற்பணம் இப்போது வேண்டாம். இந்தப் பயணத்தில் வண்டி கடைசியாக முடிவாகவேண்டிய விஷயம். எந்த மரத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. மரம் நாளைச் சொல்லும். நாள் தெரிந்தால் முகாமிடம் தேடலாம். முகாமிடம் கிடைத்தால், அதில் எத்தனை அடி வண்டி நிற்கும் என்பது தெரிந்துவிடும். பலர் வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு இடம் தேடுகிறார்கள். இடம் கிடைத்துப் போய்ச் சேரும்போது மரம் மொட்டையாக நிற்கிறது.

எந்த மரம்?

சிவந்த மேப்பிள், தாங்ஸ்கிவிங் விடுமுறை என்ற உங்கள் இரண்டு ஆசைகளும் பெரும்பாலான வருடங்களில் ஒத்துவராது. கனடாவில் தாங்ஸ்கிவிங் ஒக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை. அல்கொன்குயினில் சுகர் மேப்பிள் உச்ச நிறத்துக்கு வருவதோ சராசரியாகச் செப்டெம்பர் கடைசி வாரத்தில். ஒரு வருடம் முந்தும், ஒரு வருடம் பிந்தும். ஆனால் ஒக்டோபர் நடுப்பகுதிவரை காத்திருப்பது அரிது. அல்கொன்குயின் ரொறன்ரோவுக்கு வடக்கே, உயரமான மேட்டுநிலத்தில் இருக்கிறது. உங்கள் தெருவில் மரங்கள் பச்சையாக நிற்கும்போதே அங்கே நிறம் முற்றிவிடும். வீட்டு வாசல் மரத்தைப் பார்த்து நாள் குறித்தால் பிந்திவிடுவீர்கள்.

காரணம் எளிது. பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் இலையிலுள்ள பச்சையம் சிதையும். அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரியும். பேர்ச்சும் அஸ்பெனும் மஞ்சளாவது இப்படித்தான். மேப்பிளின் சிவப்பு வேறு கதை. அந்த நிறமி இலையில் முன்பே இருப்பதில்லை. இலைக்குள் தங்கிவிடும் சீனியிலிருந்து அந்த நாட்களில்தான் உருவாகிறது. அதனால் வெயிலடிக்கும் பகலும், உறையாத ஆனால் குளிர்ந்த இரவும் மாறிமாறி வந்தால் சிவப்பு நன்றாக ஏறும். அடைமழையும் பெருங்காற்றும் வந்தால் ஒரே இரவில் உதிர்ந்துவிடும்.

மேப்பிள் உதிர்ந்ததும் காட்டின் நிறம் முடிந்துவிடுவதில்லை. அஸ்பென் ஒக்டோபர் முதல் இரண்டு வாரங்களில் பொன்மஞ்சளாகும். அதன் பிறகு டமராக். ஊசியிலை மரமாக இருந்தும், இலையுதிர் காலத்தில் மஞ்சளாகி ஊசிகளை உதிர்ப்பது இதன் வழக்கம். ஒக்டோபர் நடுவிலும் அதற்குப் பிறகும் சதுப்புநிலங்களில் இதைப் பார்க்கலாம். இடமும் மாறும். பூங்காவின் மேற்குப் பகுதி மேப்பிள் நிறைந்த மேட்டுநிலம். கிழக்கே போகப்போக மணல்நிலம், பைன், அஸ்பென்.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகள். சிவப்புத்தான் வேண்டுமென்றால் செப்டெம்பர் கடைசி வாரம், அதுவும் ஞாயிறு பிற்பகல் போய்ச் செவ்வாய் திரும்புவது. பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பாடசாலை போகும். பதிலுக்குச் சனி, ஞாயிறு நெரிசல் இல்லாத காடு கிடைக்கும். விடுமுறையை மாற்றவே முடியாது என்றால் தாங்ஸ்கிவிங்குக்கே போங்கள், ஆனால் சிவப்பை எதிர்பார்க்காமல் மஞ்சளைப் பார்க்கப் போங்கள். நானாக இருந்தால் முதலாவதைத் தேர்வேன்.

முன்பதிவு

ஒன்ராறியோ பூங்காக்களின் முகாமிடங்களை, போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்னால், காலை 7 மணியிலிருந்து பதிவு செய்யலாம். செப்டெம்பர் 27 போவதென்றால் ஏப்ரல் 27 காலை கணினிக்கு முன்னால் இருக்கவேண்டும். நல்ல இடங்கள் சில நிமிடங்களில் போய்விடும். எனவே கணக்கை முன்பே திறந்து, விரும்பும் இடங்களின் எண்களை வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லையென்றால் மனம் தளரவேண்டாம். இரத்தாகும் பதிவுகள் கோடை முழுவதும் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

முகாமிடம் கிடைத்துவிட்டால் இன்னொரு தலைவலியும் தீர்ந்துவிடும். அன்றாடம் வந்து போகிறவர்களுக்கான வாகன அனுமதி இலையுதிர் கால வார இறுதிகளில் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. அது இல்லாமல் போனால் 60ஆம் நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போகத்தான் முடியும். முகாமிடக் கட்டணத்திலோ ஒரு வாகனத்துக்கான அனுமதி சேர்ந்தே வருகிறது.

எங்கே தங்குவது?

அல்கொன்குயின் 1893இல் உருவானது. பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். அதில் உங்களுக்குத் தேவையானது 60ஆம் நெடுஞ்சாலை ஓடும் 56 கிலோமீற்றர் மட்டும். மேற்கு வாயிலில் தொடங்கிக் கிலோமீற்றர் கற்கள் நட்டிருக்கிறார்கள்; எந்த இடத்தையும் அந்தக் கணக்கில்தான் சொல்வார்கள்.

என் முதல் தெரிவு 30ஆவது கிலோமீற்றரை ஒட்டிய மியூ லேக். நடுவில் இருப்பதால் மேற்கேயும் கிழக்கேயும் போக வசதி. மின்இணைப்புள்ள இடங்கள் இருக்கின்றன. வருடம் முழுவதும் திறந்திருக்கும். கிடைக்காவிட்டால் லேக் ஒவ் டூ ரிவர்ஸ், பொக் லேக், கனிஸ்பே லேக். ஒக்டோபரில் போவதென்றால் அந்த முகாம் அன்று திறந்திருக்குமா என்று பாருங்கள். சில தாங்ஸ்கிவிங்கோடு மூடிவிடும். பூங்காவுக்குள் எதுவுமே அமையாவிட்டால், ஹன்ற்ஸ்வில் அருகேயுள்ள அரோஹெட் மாகாணப் பூங்காவைப் பாருங்கள். அங்கே பிக் பென்ட் என்ற காட்சிமேடையிலிருந்து ஆறு வளைந்து திரும்பும் இடத்தைப் பார்க்கலாம், அம்மாவுக்கும் சிரமமில்லை.

மின்இணைப்புள்ள இடத்தையே எடுங்கள். செப்டெம்பர் இறுதியில் இரவு வெப்பநிலை பூச்சியத்துக்கு அருகே இறங்கும். ஆர்வியின் சூடாக்கி புரோப்பேனில் எரிந்தாலும் அதன் விசிறி மின்கலத்தில் ஓடுகிறது. இணைப்பு இல்லாத இடத்தில் விடியுமுன் மின்கலம் இறங்கினால் ஆறு பேரும் குளிரில் விழித்திருக்க வேண்டியதுதான். ஜெனரேற்றர் இருக்கிறதே என்பீர்கள். இரவில் அதை ஓட்டமுடியாது.

எத்தனை அடி வண்டி?

ஜி அனுமதிப்பத்திரம் போதும். 11,000 கிலோவுக்குட்பட்ட மோட்டர் ஹோமை அதில் ஓட்டலாம். ஆறு பேருக்கு, சாரதி இருக்கைக்கு மேலே படுக்கையுள்ள ‘சி’ வகுப்பு வண்டி 25 முதல் 28 அடியில் கிடைக்கும். 30 அடி பிழையில்லை. ஆனால் அந்த நீளத்துக்கு இடம் குறைவு, பின்னால் எடுத்து நிறுத்துவதும் புதியவருக்குக் கடினம். வண்டியை எடுக்கும் நாளில் வெறுமையான தரிப்பிடம் ஒன்றில் பின்னோக்கி எடுத்துப் பழகட்டும். உயரமும் நினைவிருக்கட்டும்: மூன்றரை மீற்றர் அளவு இருக்கும். கோப்பிக்கடையின் வாகன வழியிலும் தாழ்ந்த கூரைத் தரிப்பிடங்களிலும் நுழையவேண்டாம்.

வாடகை என்று சொல்லும் தொகை முழுத்தொகையல்ல. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் இலவசம், மிஞ்சினால் எவ்வளவு, காப்புறுதி, ஜெனரேற்றர் மணிக்கணக்கு, புரோப்பேன், துப்புரவுக் கட்டணம் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். ரொறன்ரோவிலிருந்து 400, 11, 60 என்று நெடுஞ்சாலைகள் மாறி மேற்கு வாயிலுக்கு ஏறத்தாழ 270 கிலோமீற்றர். போய்வர 540. இவ்வகை வண்டி 100 கிலோமீற்றருக்கு 20 முதல் 25 லீற்றர் பெற்றோல் குடிக்கும். போய்வரவே 110 முதல் 135 லீற்றர். ஹன்ற்ஸ்வில்லில் நிரப்பிக்கொண்டு உள்ளே போங்கள்.

இன்னொரு யோசனை: உங்கள் காரையும் கொண்டுபோங்கள். செலவு கூடும், காருக்குத் தனி அனுமதியும் எடுக்கவேண்டும். ஆனாலும் நடைபாதைத் தரிப்பிடங்கள் சிறியவை. நெரிசலான நாளில் ஆர்விக்கு அங்கே இடம் கிடைக்காது. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் மின்கம்பியைக் கழற்றி, அலுமாரிகளைப் பூட்டி, மேசையை மடிக்கவும் வேண்டும். ஆர்வியை வீடாக நிறுத்திவிட்டுக் காரில் சுற்றுவதே நிம்மதி. ஓடும் ஆர்வியில் யாரும் கட்டிலில் படுத்திருக்கக்கூடாது, எல்லோருக்கும் இருக்கைப்பட்டி வேண்டும். அம்மாவுக்கும் மாமாவுக்கும் கார்தான் வசதி.

சமையல், தண்ணீர், மிருகங்கள்

இங்கே மின்இணைப்புத்தான் உண்டு. முகாமிடத்துக்குக் குழாய்நீரோ கழிவுக்குழாயோ வராது. தண்ணீரைத் தாங்கியில் நிரப்பிக்கொண்டு போகவேண்டும், கழிவைப் புறப்படும்போது அதற்கான நிலையத்தில் வெளியேற்றவேண்டும். ஆறு பேர் உள்ளே குளித்தால் இரண்டாம் நாளே தாங்கி காலி. முகாமின் பொதுக் குளியலறையைப் பயன்படுத்துங்கள். கறிச்சட்டியைக் கழுவுமுன் எண்ணெயைக் கடதாசியால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். குழாயில் படிந்தால் நாற்றம் தாங்காது. அரிசி கழுவிய தண்ணீரானாலும் நிலத்தில் ஊற்றக்கூடாது. இரண்டு நேரக் கறியை வீட்டிலேயே சமைத்து உறையவைத்துக் கொண்டுபோனால் அங்கே சோறோ புட்டோ மட்டும் போதும்.

கருங்கரடி உள்ள காடு இது. கருவாடு பொரிக்கும் ஆசையை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். சாப்பிட்டு முடிந்ததும் மேசையில் ஒரு பருக்கையும் இருக்கக்கூடாது. சாப்பாடு, குப்பை, குளிர்ப்பெட்டி எல்லாம் வாகனத்துக்குள். விறகை ஊரிலிருந்து கொண்டுபோகாதீர்கள். மரத்தைக் கொல்லும் பூச்சிகள் விறகோடுதான் புதிய காடுகளுக்குப் போகின்றன. பூங்காவிலேயே வாங்கலாம்.

செப்டெம்பர், ஒக்டோபர் மூஸ் மான்களின் இணைசேரும் காலம். கருமையான உடல் இருளில் தெரியாது, உயரத்தால் மோதும்போது கண்ணாடியோடு உள்ளே விழும். செப்டெம்பர் இறுதியில் மாலை 7 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். அதற்கு முன்பே இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

முழங்காலுக்கு ஏற்ற திட்டம்

முதல் மாலை எங்கும் போகவேண்டாம். மியூ லேக் முகாமை ஒட்டியே பழைய ரயில்பாதை ஓடுகிறது. மரவணிகர் ஜே. ஆர். பூத் 1890களில் போட்ட பாதை அது. தண்டவாளம் எடுக்கப்பட்டு இப்போது சமதரையான சைக்கிள் பாதையாக இருக்கிறது. ரயில் ஏறிய சரிவென்பதால் அம்மாவும் நடக்கலாம், பிள்ளைகள் சைக்கிள் ஓடலாம்.

மறுநாள் காலை 8 மணிக்கு முன்பே, 40ஆவது கிலோமீற்றரை ஒட்டிய லுக்கவுட் நடைபாதைக்குப் பிள்ளைகளோடு நீங்களோ கணவரோ போகட்டும். 2 கிலோமீற்றர்தான், ஆனால் செங்குத்து. ஏறி முடிந்தால் மலைவிளிம்பிலிருந்து காடு முழுவதும் தெரியும். பத்து மணிக்குப் பிறகு அங்கே தரிப்பிடம் கிடைப்பது கடினம். பெரியவர்கள் 43ஆவது கிலோமீற்றரிலுள்ள பார்வையாளர் மையத்துக்குப் போகட்டும். படியேறாமலே பார்க்கக்கூடிய பெரிய காட்சிமேடை அது. அதற்குச் சற்று முன்னால் ஸ்புரூஸ் பொக் பலகைப்பாதை, ஒன்றரைக் கிலோமீற்றர், பெரும்பாலும் சமதரை, டமராக் இங்கேதான். கிழக்கு வாயிலுக்கு அருகே மரவெட்டு அருங்காட்சியகப் பாதையும் இலகுவானது. தாங்ஸ்கிவிங்குக்குப் போனால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இந்தக் கிழக்குப் பக்கத்துக்கே ஒதுக்குங்கள்.

புறப்படுமுன் ஒரு வாரம் பூங்காவின் இலைநிற அறிக்கையையும் பார்வையாளர் மையத்தின் நேரடிக் கமராவையும் பாருங்கள். அந்த நேரத்தில் முன்பதிவு செய்த நாளை மாற்றுவது கடினம், ஆனால் அன்று எந்தப் பக்கம் போவதென்பதை மாற்றலாம். மேற்கே உதிர்ந்திருந்தால் கிழக்கே போங்கள். கிழக்கே இன்னும் பச்சையாக இருந்தால் மேற்கு வாயில் பக்கம் திரும்புங்கள். இரண்டுக்குமிடையே காரில் ஒரு மணித்தியாலம் கூட இல்லை.