சுழலை அறுத்த கத்தி

மீனவர்கள் சொறிமீன் என்று அழைக்கும் இழுதுமீனுக்கு இதயம் இல்லை. ஆயினும், மனித இதய நோய் ஒன்றின் அறுவை மருத்துவத்திற்கு அடிப்படையான சிந்தனையை அதுவே அளித்தது. ஆல்ஃபிரட் மேயர் என்னும் உயிரியலாளர், புளோரிடாக் கடலின் இழுதுமீன்களை ஆராய்ந்தார். குடை போன்ற அவற்றின் உடலை வளையமாக வெட்டித் தூண்டியபோது எழுந்த சுருக்க அலை, தன் வாலைத் தானே துரத்துவதுபோல நாள்கணக்கில் சுற்றிச் சுற்றி ஓடியது. 1906இல் அவர் இதனை வெளியிட்டார். 1913இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் மைன்ஸ், ஆமையின் இதயத் தசை வளையத்திலும் அத்தகைய ஓட்டத்தைக் கண்டார். வளையத்தை அறுத்தால் சுழற்சி நிற்கும் என்றும் உரைத்தார்.

இச்சுழற்சி மனித இதயத்தில் நிகழ்ந்தால் என்னாகும்? இயல்பாக, சைனோ ஆரிக்குலார் கணுவில் பிறக்கும் மின்துடிப்பு மேலறைகளில் பரவி, மற்றொரு கணுவின் வழியே கீழறைகளுக்கு இறங்கும். மேலறை நடுக்க நோயிலோ, பல சுழல்கள் மேலறைத் தசையில் அலைந்து திரிகின்றன. தசை நிமிடத்திற்கு 350 முதல் 600 முறை வரை நடுங்குமேயன்றிச் சுருங்குவதில்லை. தேங்கிய குருதி உறைகிறது. அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் நேர்கிறது.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஜேம்ஸ் காக்ஸ், டியூக் பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் நாய்களின் இடது மேலறையை மின்வழியில் தனிமைப்படுத்திப் பார்த்தார். 1980இல் வெளியான அம்முறையில் இதயத்தின் ஏனைய பகுதி சீராகத் துடித்தது. ஆனால், இடது மேலறையின் நடுக்கம் ஓயாததால் குருதி உறையும் இடர் நீங்கவில்லை. பின்னர்ச் செயின்ட் லூயிஸ் நகரிலும் நாய்களிடமே ஆய்வு தொடர்ந்தது. அவ்விலங்குகளுக்கு இதனால் நலனேதும் இல்லை. அவற்றின் இசைவைக் கேட்கவும் வழியில்லை.

சிறுவர் இதழ்களில் முயலைக் கிழங்கிடம் சேர்க்கும் புதிர்ப்பாதையை அறியாதார் இலர். சேரும் வழி ஒன்றே, ஏனையவை முட்டுச்சந்துகள். காக்ஸ் மேலறைகளை அவ்வாறே வெட்டித் தைத்தார். ஆறிய தழும்பு மின்துடிப்பைக் கடத்தாது. தழும்புகளுக்கு இடைப்பட்ட தசையில் சுழல் ஒன்று சுற்றிவர இடமில்லை. எனினும், முட்டுச்சந்துகளுக்குள்ளும் துடிப்பு நுழைவதால் அங்குள்ள தசையும் சுருங்கும். துடிப்பை அடைத்துவைக்காமல் வழிநடத்தியதே இம்முறையின் நுட்பம்.

1987 செப்டம்பர் 25 அன்று பார்ன்ஸ் மருத்துவமனையில் மனிதருக்கு முதன்முதலாக இது செய்யப்பட்டது. நடுக்கம் அடங்கினும், வேறு குறை தென்பட்டது: உடலுழைப்பின்போது சிலருக்கு இதயத்துடிப்பு போதிய அளவு விரையவில்லை. சைனோ ஆரிக்குலார் கணுவின் அருகே சென்ற வெட்டுகளே காரணம். மயக்கத்தில் கிடக்கும் விலங்கு படியேறிக் காட்டுவதில்லையே! காக்ஸ் வெட்டுகளின் தடத்தை இருமுறை திருத்தினார். இப்போது அவற்றுள் பலவற்றின் இடத்தில், கடுங்குளிராலோ வெப்பத்தாலோ தழும்புக் கோடுகள் இடப்படுகின்றன.